நீலகிரியில் ஜிஎஸ்டி, கலால், சுங்கம்: எதற்கு எந்த ஆபீஸ்?

"கோத்தகிரியில் டீத்தூள் பாக்கெட் போட்டு விற்கிறேன். ரேஞ்ச், டிவிஷன், கமிஷனரேட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் எங்கே போக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில் பதினெட்டு வருடமாக வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் ஜிஎஸ்டி தளத்தில் 'சர்ச் டேக்ஸ்பேயர்' பகுதிக்குப் போய் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடுங்கள். 'அட்மினிஸ்ட்ரேடிவ் ஆபீஸ்', 'அதர் ஆபீஸ்' என்று இரண்டு வரும். முதலாவதில் 'ஸ்டேட்' என்றிருந்தால் உங்கள் கோப்பு தமிழக வணிகவரித் துறையிடம், 'சென்டர்' என்றிருந்தால் மத்திய ஜிஎஸ்டியிடம். விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குக் கீழே இருப்பவர்களில் 90 சதவீதம் பேரை மாநிலத்துக்கும் 10 சதவீதம் பேரை மத்திய அரசுக்கும் பிரித்தார்கள். அதற்கு மேல் பாதிக்குப் பாதி. அதனால் நம் மலையில் சின்ன வியாபாரி பெரும்பாலும் மாநிலப் பக்கம்தான் இருப்பார்.

இதைப் பார்க்காமல்தான் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், நோட்டீஸ் வந்த பயத்தில் முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்கே போய்விட்டார். அங்கே எண்ணைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஃபைல் ஸ்டேட்டில் இருக்கிறது" என்றார்களாம். அவர் போக வேண்டிய ஆபீஸ் அவர் கடையிலிருந்து நடக்கிற தூரம். சாயங்காலம் மழையில் நனைந்த பையோடு என்னிடம் வந்து நின்றதை நினைத்தால் இன்னமும் மனசு கஷ்டப்படுகிறது. ஒரு நாள் வியாபாரமும் போச்சு.

நீங்கள் மத்தியப் பக்கம் என்றால் ஏணி இப்படிப் போகும். டெல்லியில் மறைமுக வரிகள், சுங்க வாரியம். அதன் கீழ் சென்னை மண்டலம்; தமிழ்நாடும் புதுச்சேரியும் அதில் அடக்கம். மண்டலத்துக்குக் கீழே ஆணையரகங்கள் (கமிஷனரேட்), நீலகிரி கோவை ஆணையரகத்தில் வருகிறது. அப்புறம் உதவி அல்லது துணை ஆணையர் தலைமையில் டிவிஷன். கடைசியில் ரேஞ்ச். அங்கே சூப்பிரண்டும் இன்ஸ்பெக்டர்களும் இருப்பார்கள். நமக்கு முக்கியம் இந்தக் கீழ்ப்படி. மத்திய வரி 10 லட்சம் வரை கேட்டு வரும் நோட்டீஸை சூப்பிரண்டே முடித்துவிடலாம். அதற்கு மேல் ஒரு கோடி வரை டிவிஷன். ரீஃபண்ட் என்றால் நேராக டிவிஷன்தான். உத்தரவு உங்களுக்குப் பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்குத் தனி அதிகாரி இருக்கிறார். மூன்று மாதத்துக்குள் போக வேண்டும், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்ட வேண்டும். இந்தத் தேதியைத் தயவுசெய்து காலண்டரில் குறித்து வையுங்கள்.

பெரியவர்கள் இதையெல்லாம் இன்னும் 'கலால் ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. தேயிலைக்கு 1944-லேயே மத்திய கலால் வரி (பொருளைத் தயாரிப்பதற்குப் போடும் வரி) வந்தது. அப்பா பேக்டரியில் கணக்குப்பிள்ளை. அன்றைக்குத் தயாரான தூள், வெளியே போன தூள், மிச்சம் என்று ஆர்.ஜி.1 பேரேட்டில் தினமும் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இப்போது தூளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. மத்திய கலால் பெட்ரோல், டீசல், புகையிலை என்று சுருங்கிவிட்டது. மது சம்பந்தமான கலால் முழுக்க மாநிலத்தினுடையது. கலெக்டர் ஆபீஸில் உதவி ஆணையர் (ஆயம்) என்று பலகை பார்த்திருப்பீர்கள், அது இந்த வேலைக்கு. உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுங்கம் வேறு கிளை. நீங்கள் ஏற்றுமதி செய்தால் மட்டும்தான் அது. கொச்சி, தூத்துக்குடி என்று சரக்கு எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறதோ அங்குள்ள சுங்க அலுவலகத்தில்தான் காகிதம் நகரும். ஆனால் ஏற்றுமதி–இறக்குமதி எண்ணைச் சுங்கம் தருவதில்லை, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் தருகிறது. வரி கட்டாமல் அனுப்ப, ஜிஎஸ்டி தளத்தில் ஒவ்வொரு நிதியாண்டும் உறுதிக் கடிதம் போட வேண்டும். உள்ளூரில் மட்டும் விற்கிறீர்கள் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு முதல் கட்டத்தில் என்ன வருகிறது என்று கீழே எழுதுங்கள். நோட்டீஸ் ஏதாவது வந்திருந்தால் அதில் உள்ள தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.