இன்வெர்ட்டர் இருக்க ஜெனரேட்டர் எதற்கு?

கேள்வி: கடலோரத்துக்குப் பக்கத்தில் வீடு. புயல் வந்தால் மூன்று நாளாவது கரண்ட் இருக்காது. அம்மாவுக்கு இன்சுலின் போட வேண்டும். 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது. ஜெனரேட்டரும் வாங்கி வைக்கலாமா?

பதில்: முதலில் இருக்கும் பேட்டரியைக் கணக்குப் போடுவோம். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் தாளில் 1,800 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியை முழுக்கக் காலி செய்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். பேட்டரி மின்சாரத்தை இன்வெர்ட்டர் வீட்டு மின்சாரமாக மாற்றும்போதும் இழப்பு உண்டு. கைக்கு வருவது 1,100 சொச்சம்தான். பழைய பேட்டரி என்றால் அதில் பாதிகூடத் தேறாது. 75 வாட் பழைய ஃபேன் இரண்டும் எல்இடி பல்பு நான்கும் ஓடினால் ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதுவே குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ஒன்று, 9 வாட் பல்பு ஒன்று, இரவில் பத்து மணி நேரம் மட்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு இரவு தாராளமாக வரும்; மூன்றாவது இரவை இழுத்துப் பிடிக்கலாம். பகலில் இன்வெர்ட்டரையே அணைத்து வையுங்கள். எதுவும் ஓடாவிட்டாலும் அது சும்மா இருந்தே கொஞ்சம் தின்னும். ஜெனரேட்டர் விலையில் ஒரு பங்கு போதும், நல்ல ஃபேனும் பவர் பேங்கும் வாங்கிவிடலாம்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் போன்ற கருவி வீட்டில் இருந்தால் பேச்சே வேறு, ஜெனரேட்டர் வேண்டும். அதை வராந்தாவிலோ கார் ஷெட்டிலோ வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் போகாதபடி வையுங்கள். சுவர் பிளக்கில் செருகி வீட்டு வயரிங்குக்கு மின்சாரம் கொடுப்பது, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்கு உலை வைப்பது.

இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜை ஓட்டியாக வேண்டியதில்லை. பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் கீழே சுமார் 28 நாள் வெளியில் தாங்கும். உங்கள் மருந்தின் கணக்கு உள்ளே இருக்கும் தாளில் இருக்கும், வெளியே எடுத்த தேதியை மேலே எழுதிவிடுங்கள். ஈரத்துணி சுற்றிய மண்சட்டி வறண்ட வெயிலில்தான் நன்றாக வேலை செய்யும். புயல் நேரத்து ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாகாது, சட்டியும் அவ்வளவாகக் குளிராது. வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, நடுவே தடித்த துணி வைத்து, அதன்மேல் மருந்தை வையுங்கள். ஐஸில் நேராகப் பட்டு ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிவிட்டால் புழக்கத்துக்கும் ஆகும், காற்றில் தூக்கிப் போகாமலும் இருக்கும்.

இவ்வளவும் வீட்டிலேயே தங்க முடிந்தால்தான். வெளியேறச் சொன்னால் பேட்டரி கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். கரையோரத்தில் உயிரை எடுப்பது பெரும்பாலும் காற்றல்ல, ஏறி வரும் கடல். வெளிச்சம் இருக்கும்போதே, சாலையில் தண்ணீர் ஏறும் முன் கிளம்புங்கள். ஓடும் வெள்ளம் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய காரைத் தள்ளிவிடும். பையில் ஒரு வாரத்துக்கான மருந்து, ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி, மருந்துச் சீட்டு, ஆவணங்கள், சில்லறையாகப் பணம்.

கிளம்பும்போது பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதையும் தனியாக அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். தரையில் தண்ணீர் புகுந்துவிட்டால் இரண்டையும் தொடாதீர்கள். சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்கள். ஃப்ரீசரில் ஒரு கப் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, அத்தனையையும் கொட்டிவிடுங்கள். மூடியே இருந்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும் குளிர் காக்கும்.

வீட்டுக்குள் வெள்ளம் வந்து போயிருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். வெள்ளம் வீட்டுக்குள் வரவே இல்லை என்றால் மட்டும், எல்லா பிளக்கையும் கழற்றி ஒரு பல்பை மட்டும் ஆனில் வைத்து மெயினைப் போடுங்கள். பல்பு துடிக்காமல் பத்து நிமிடம் எரிந்தால், பிறகு ஃப்ரிட்ஜைச் செருகலாம்.