58 வயதில் குதிரையிலிருந்து விழுந்தால் மறுபடி ஏறலாமா?

பாலாற்று மணலில் குதிரை மிரண்டு விழுந்ததாகவும், வலி குறைந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏறலாம், ஆனால் இந்த வாரம் வேண்டாம். வயது கூடக்கூட எலும்பு அடர்த்தி குறையும். மணிக்கட்டும் இடுப்பும் எளிதில் முறியும். அதைவிட எனக்குப் பயம் தலையடிதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில வாரம் கழித்துக்கூடத் தலைவலி, தடுமாற்றம் வரலாம். வேலூரில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் மாத்திரைப் பெயரை முதலில் சொல்லுங்கள்.

ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். உள்ளே தெர்மாகோல் போன்ற அடுக்கு நசுங்கினால் மீளாது.

அப்புறம், நானும் 61 வயதில் விழுந்தேன். செருப்புக்கால் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும் கால்வளையம்) முழுக்க நுழைந்து மாட்டி, நாலடி இழுபட்டேன். இப்போது குதிகால் வைத்த ஷூதான். முன்பாதம் மட்டும்தான் உள்ளே.