ஒரு கப் எத்தனை கிராம்? கப்பைக் காட்டுங்கள், சொல்கிறேன்

மைதா, கடலை மாவு, சர்க்கரை எதுவானாலும் ஒரு கப் 250 கிராம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. புதிதாகச் சமைக்கத் தொடங்கி, ஏதோ ஒரு பலகாரம் சொதப்பிய பிறகுதான் இந்தக் கேள்வி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தப்பு உங்கள் கையில் இல்லை, குறிப்பு எழுதுகிறவர்களிடம்.

போன தீபாவளிக்கு என் அக்கா மகள் துபாயிலிருந்து போன் செய்தாள். "சித்தி, வெண்ணெய் முறுக்கு எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு போகுது." அவள் பார்த்த குறிப்பில் 4 கப் அரிசி மாவு, அரை கப் உளுந்து மாவு, 100 கிராம் வெண்ணெய். எந்தக் கப்பில் அளந்தாய் என்றேன். ரைஸ் குக்கரோடு வந்த கப். அங்கேதான் விஷயம். சமையல் குறிப்புகளில் வரும் கப் 240 மில்லி, சில இடங்களில் 250. குக்கர் கப் 180 மில்லிதான். மாவு கால் பங்கு குறைந்துவிட்டது, கிராமில் நிறுத்த வெண்ணெய் மட்டும் முழுசாக விழுந்திருக்கிறது. பிரியாமல் என்ன செய்யும்? அதே கப்பில் இன்னும் ஒன்றேகாலுக்குச் சற்று மேலே அரிசி மாவும், இரண்டு மேசைக்கரண்டி உளுந்து மாவும் போட்டுப் பிசையச் சொன்னேன். அடுத்த ஈடு உடையாமல் வந்தது.

"பாட்டி தராசா வைத்திருந்தார்?" என்று யாராவது கமெண்டில் வருவீர்கள், தெரியும். பாட்டி ஆயுசுக்கும் ஒரே ஆழாக்கில் எல்லாவற்றையும் அளந்தார். ஒரே பாத்திரத்தில் அளந்தால் விகிதம் மாறாது. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பதை நிறுத்துப் போட்டாலும் பெரிதாக மாறாது, அரிசியும் முழு உளுந்தும் கப்புக்குக் கிட்டத்தட்ட ஒரே எடை. பாதி கப், பாதி கிராம் என்று கலந்து எழுதும் குறிப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது.

240 மில்லி கப்புக்கு என் கணக்கு: சர்க்கரை 200 கிராம், ரவை 165 முதல் 170. மைதாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 120, 125. கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140க்கு மேல் போய்விடும். சலித்த கடலை மாவு 100 கிராம்கூட வராது, அமுக்கினால் 120. உங்கள் வீட்டு மாவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.

உங்கள் கப் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியவில்லையா? காலிக் கப்பை எலக்ட்ரானிக் தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. பிறகு ஈரம் போகத் துடைத்துவிட்டு ஒவ்வொரு மாவையும் நிறுத்து, அந்தந்த டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

அந்த டேர் பட்டன் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் ஊர் ஸ்வீட் கடையில் அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை போடுகிறார்கள். நெய் மைசூர்பாகு விலைக்கு அட்டை வாங்க நான் எதற்குப் போகிறேன்? கேட்டால் "எல்லாரும் இப்படித்தான் வாங்கறாங்க மேடம்" என்கிறார்கள். நிகர எடைக்குத்தான் காசு. காலிப் பெட்டியை முதலில் வைத்து அந்தப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். நான் சொல்கிறேன், முகம் சுளித்துக்கொண்டாவது அழுத்துகிறார்கள்.