வீட்டு வாசல் திண்ணையை ஆள் வைக்காமல் குடும்பமே சேர்ந்து புதிதாகக் கட்ட முடியுமா?

முடியும். நாங்கள் கட்டினோம். நான், மனைவி, 14 வயது மகன், 11 வயது மகள், அப்புறம் என் அம்மா. ஐந்து வார இறுதிகள் ஆயின.

நீங்கள் எழுதவில்லை என்றாலும், "நமக்கெதுக்கு இந்த வேலை, ஒரு கொத்தனாரைக் கூப்பிடு" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அது என் மாமனார். கடைசி வாரம் அவரே வந்து தளம் மட்டமா என்று பார்க்க ரசமட்டம் பிடித்தார்.

எங்கள் பழைய திண்ணை சுவர்ப் பக்கமாக இறங்கியிருந்தது. மழைத் தண்ணீர் வெளியே ஓடாமல் சுவரடியில் வந்து தேங்கும். பல வருடம் பார்த்தும் பார்க்காமல் இருந்தோம். அம்மா நிலைவாசல் படியில் தடுக்கி விழுந்த பிறகுதான் டேப் எடுத்து அளந்தேன். திண்ணைக்கு ஏறும் இரண்டு படியும் 6 அங்குலம். திண்ணையிலிருந்து வீட்டுக்குள் ஏறும் படி மட்டும் ஏழரை. இரண்டு படி ஏறியதுமே கால் அந்த உயரத்துக்குப் பழகிவிடும். மூன்றாவது மாறினால் தடுக்கத்தான் செய்யும். "வயசாச்சு, பார்த்து நடக்கணும்" என்று அத்தனை பேரும் அம்மாவைத்தான் சொன்னோம். ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்த திண்ணையை யாரும் குறை சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

உடைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தை, சுவரை ஒட்டி, சும்மா மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். உள்ளே உடைந்த செங்கல், கிழிந்த சிமெண்ட் சாக்கு, மக்கிப்போன பலகைத் துண்டு. அதன் மேலேயே தளம். மண் அமுங்க அமுங்க தளமும் கூடவே இறங்கியிருக்கிறது.

இவ்வளவு பார்த்தும் நான் அதே தவறைச் செய்தேன். ஒன்றரை அடி மண்ணை ஒரேயடியாகக் கொட்டி, மேலே மட்டும் திமிசுக்கட்டையால் (மண்ணை இறுக்க அடிக்கும் கனமான கட்டை) அடித்துவிட்டு, சரி, முடிந்தது என்றேன். மனைவி ஒரு கம்பியை எடுத்துக் குத்திப் பார்த்தாள். மேலே ஒரு சாண் வரை இறுகியிருந்தது. அதற்குக் கீழே கம்பி வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவையும் வெளியே அள்ளினோம். 6 அங்குலம் நிரப்பு, தண்ணீர் தெளி, அடி, அடுத்த 6 அங்குலம். இரண்டு வார இறுதி இதற்கே போனது. நேரத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் வேறு எங்கேயாவது பிடியுங்கள், இதில் வேண்டாம்.

மூலை பிடிப்பது பிள்ளைகள் வேலை. ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே நூல் பிடித்தால் 5 அடி வரவேண்டும். வந்தால் மூலை நேர். மகன் முளையைத் தள்ளித் தள்ளி அடித்து 5 அடி வரவழைத்தான். இதே பையனுக்குத்தான் செங்கோண முக்கோணக் கணக்கில் விடை சரியாக இருந்தும், புத்தகத்தில் உள்ள வரிகளை அப்படியே எழுதவில்லை என்று பள்ளியில் மதிப்பெண் குறைத்தார்கள். நேரில் போய்க் கேட்டேன். "இப்படித்தான் எழுதணும்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. புரிந்துகொண்டு வேறு வழியில் போட்ட பிள்ளையை எதற்காகத் தண்டிக்கிறார்கள்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கான்கிரீட்டுக்கு 1 பங்கு சிமெண்ட், 2 மணல், 4 ஜல்லி. பரப்ப எளிதாக இருக்கிறதே என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள், வலு போய்விடும். 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 25 லிட்டர் போதும். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. தண்ணீர் ஓடத் தளத்துக்கு வாட்டம் (சரிவு) வெளிப்பக்கமாக, அடிக்குக் கால் அங்குலம். கையுறை இல்லாமல் கலவையைத் தொடாதீர்கள். முதல் நாள் நாங்கள் தொட்டோம், மனைவிக்கு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

கொத்தனார் வேலையை மட்டமாகப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் ஒரு நாளில் முடிப்பதற்கு எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. உங்கள் திண்ணையில் கூரையைத் தாங்கும் தூண் இருந்தால் நான் சொன்னது எதுவும் பொருந்தாது. பொறியாளர் பார்க்காமல் அதில் கை வைக்காதீர்கள். எங்களுடையது வெறும் திறந்த திண்ணை.

தளம் போட்ட மறுநாளிலிருந்து தண்ணீர் விடும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். 7 நாளாவது ஈரம் காயக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அவர் 10 நாள் விட்டார். காலை, மதியம், மாலை, தளத்தின் மேல் விரித்திருந்த சாக்கை விலக்கி உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். மூன்று படியும் இப்போது 6 அங்குலம். ஏறும்போது அவர் சுவரைப் பிடிப்பதில்லை.

உங்கள் திண்ணை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, தூண் இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.