ஐ.சி.யூ.வில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?

கேள்வி: என் பேத்தி குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்தாள். பிழைப்பாளோ மாட்டாளோ என்ற பயத்தில், நாங்கள் கேட்டுக்கொண்டதால், நர்ஸ் ஒருவர் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் இந்து. இப்போது பிள்ளை நலமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். கோயிலில் மறுபடியும் கொடுக்க வேண்டுமா? (கத்தோலிக்க வாசகி, தூத்துக்குடி)

பதில்: பிள்ளை வீடு வந்து சேர்ந்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சி. நர்ஸ் முறைப்படி செய்திருந்தால் அது முழுமையான ஞானஸ்நானம். மறுபடி கொடுக்கவே கூடாது. உயிர் ஆபத்தில் யாரும் கொடுக்கலாம், கிறிஸ்தவர் அல்லாதவரும்கூட. திருச்சபை செய்வதையே செய்கிறேன் என்ற எண்ணம் போதும். ஆயர்கள் கூடிய புளோரன்ஸ் பொதுச்சங்கம் 1439-லேயே இதை அறிவித்துவிட்டது.

அந்த நர்ஸிடம் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். அது தலையின் தோலில் பட்டு வழிந்திருக்க வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான ஸ்டெரைல் வாட்டர் எடுத்து, மூன்று முறை சில சொட்டு விட்டாலே போதும்; மந்திரித்த தண்ணீர் வேண்டியதில்லை. பெரும்பாலும் பஞ்சில்தான் தவறு நடக்கிறது. குளிருமே என்று நனைத்த பஞ்சால் நெற்றியை ஒற்றி விடுவார்கள். ஒற்றினால் தண்ணீர் ஓடாது, சந்தேகம்தான் மிஞ்சும். பன்னீரும் பாலும் செல்லாது.

அடுத்து, சொன்ன வார்த்தை: “தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்.” (திருமுழுக்கு என்பது ஞானஸ்நானம்தான்.) பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லியிருந்தாலும் சரியே. ஊற்றியவரே, ஊற்றும்போதே சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் ஊற்ற, பாட்டி சொன்னால் செல்லாது. ‘நான்’ என்பதற்குப் பதில் ‘நாங்கள்’ என்றாலும் செல்லாதென வத்திக்கான் 2020-ல் தெளிவுபடுத்தியது.

விசாரித்த பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால், “நீ ஏற்கெனவே திருமுழுக்குப் பெறவில்லையென்றால்” என்று சேர்த்து, குருவானவர் நிபந்தனையோடு கொடுப்பார்.

எல்லாம் சரியென்றால் கோயிலில் மீதிச் சடங்குகள் மட்டும்: கிறிஸ்மா எனும் அர்ச்சிக்கப்பட்ட நறுமண எண்ணெய் பூசுவது, வெள்ளை ஆடை, எரியும் மெழுகுதிரி. ஞானத்தாய், ஞானத்தகப்பனும் அப்போது வந்து நிற்கலாம்.

பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். மருத்துவமனை எந்தப் பங்கின் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள பகுதி) எல்லையில் இருக்கிறதோ, அந்தப் பங்கின் பதிவேட்டில்தான் எழுத வேண்டும். பலர் சொந்தப் பங்கில் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பிறகு திருமணத்துக்குச் சான்றிதழ் தேடி அலைகிறார்கள். நாள், இடம், கொடுத்தவர் பெயர், உடனிருந்த சாட்சி பெயர் நான்கையும் குறித்து, நர்ஸிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். அவர் வேறு ஊருக்கு மாறிப் போனால் கேட்க ஆளிருக்காது.

கேள்வி: சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மருமகள் எங்கள் கத்தோலிக்க சபையில் சேர விரும்புகிறாள். மறுபடி ஞானஸ்நானம் உண்டா?

பதில்: இல்லை. தண்ணீரும் மூவொரு கடவுளின் பெயரும் அங்கேயும் உண்டு. அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுபோய்ப் பங்குத்தந்தையைப் பாருங்கள்.