வேப்புக்கு மாறிவிட்டேன், மிச்சம் நாலு சிகரெட்தான்

கேள்வி: எனக்கு 44 வயது, லண்டன் குரோய்டனில் இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக தினமும் ஒரு பெட்டி சிகரெட். நாலு மாதமாக வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு மாறிவிட்டேன், ஆனால் எழுந்ததும் இரண்டு, சாப்பிட்டதும் இரண்டு என்று நாலு சிகரெட் இன்னும் போகிறது. இருமல் வேறு கூடியிருக்கிறது. "அமெரிக்காவில் வேப் பிடித்து எத்தனை பேர் செத்தார்கள், இதற்கு சிகரெட்டே தேவலை" என்கிறார் மனைவி. அவர் சொல்வது சரியா, டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்த நாலு சிகரெட்தான், அதனால் அதை முதலில் பேசிவிடுவோம். இருபதை நாலாக்கினால் ஆபத்தும் ஐந்தில் ஒன்றாகிவிடும் என்றுதான் எல்லோருக்கும் கணக்குப் போடத் தோன்றும். இதயம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2018ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, தினமும் ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆணுக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது என்று காட்டியது. புகை கொஞ்சமாகப் போனாலும் போதும், ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும், ரத்தக்குழாயின் உள்சுவர் சரியாக விரியாது. அதாவது இன்றைக்கு நீங்கள் வேப்பின் தொல்லையையும் சுமக்கிறீர்கள், சிகரெட்டால் இதயத்துக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதியையும் விடாமல் வைத்திருக்கிறீர்கள்.

அந்த நாலையும் விட்டுவிட்டால் நிலைமையே வேறு. தாரும் கார்பன் மோனாக்சைடும் புகையிலை எரிவதால் வருபவை. வேப்பில் எதுவும் எரிவதில்லை. அதன் திரவத்தில் உள்ள புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சூடாகி ஆவியாகின்றன, அதில் நிகோட்டின் ஏறி வருகிறது. சிகரெட்டை முழுதாக நிறுத்திய இரண்டொரு நாளிலேயே ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு பிடிக்காதவர் அளவுக்கு இறங்கிவிடும். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் 114 பேரை வைத்துச் செய்து 2019ல் வெளியிட்ட ஆய்வில், மாறி ஒரே மாதத்தில் ரத்தக்குழாய் விரியும் திறன் கூடியது தெரிந்தது, அதிலும் முழுதாக மாறியவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

இதைச் சொன்னதும் சிலர் "அப்போ 95 சதவீதம் பாதுகாப்பு என்பது உண்மைதானே" என்று கேட்பார்கள். சிகரெட்டைவிடக் கெடுதல் சுமார் 95 சதவீதம் குறைவு என்று 2015ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு சொன்னதிலிருந்து வந்த எண் அது. நிபுணர்கள் கூடிப் போட்ட மதிப்பீடு, சோதனைக்கூடத்தில் அளந்தது இல்லை. சிகரெட்டைவிடக் கெடுதல் மிகவும் குறைவு என்பது வரை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடாகும்போது நிக்கல், குரோமியம் போன்ற உலோகத் துணுக்குகள் ஆவியில் கலக்கின்றன, சூடு மிஞ்சினால் ஃபார்மால்டிஹைடும் வரும், நிகோட்டின் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். புற்றுநோய் தெரியவர இருபது, முப்பது வருடம் ஆகும், வேப் அவ்வளவு காலமாகப் பரவலாகப் புழங்கவில்லை. அதனால் இதுவே போதும் என்று ஆயுளுக்கும் அங்கேயே தங்கிவிடாதீர்கள்.

உங்கள் மனைவியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வேப் பிடித்தவர்களுக்கு 2019ல் வரத் தொடங்கிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை அமெரிக்காவில் 2,807 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணமாகப் பிடிபட்டது வைட்டமின் இ அசிடேட், பெரும்பாலும் தெருவில் வாங்கிய கஞ்சா எண்ணெய்க் குப்பிகளில் கலந்திருந்தது. பிரிட்டனில் வேப் திரவத்தில் வைட்டமின் சேர்க்கவே அனுமதி இல்லை. முறையான கடையில் மட்டும் வாங்குங்கள், நண்பர் நிரப்பிக் கொடுத்தது என்று எதையும் இழுக்காதீர்கள்.

இருமல்: புகை குறைந்ததும் மூச்சுக்குழாயின் நுண்முடிகள் மறுபடி வேலை செய்து சளியை மேலே தள்ளும், அதனால் சில வாரம் கூடலாம், புரொப்பிலீன் கிளைக்காலும் தொண்டையை வறட்டும். ஆனால் நாலு மாதமாகியும் நிற்கவில்லை என்றால், இருபது வருடப் பழக்கமும் இருப்பதால், குடும்ப மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) கேளுங்கள். சளியில் ரத்தமோ எடை குறைவோ இருந்தால் உடனே போங்கள்.

அப்புறம், பலர் சொல்ல மறந்துவிடும் ஒன்று. சிகரெட் புகை சில மருந்துகளை ஈரலில் வேகமாகக் கழித்துவிடும், அது நின்றதும் அதே மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறும். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின், மனநோய்க்குத் தரும் குளோசபின், ஒலான்சபின் எல்லாம் இப்படித்தான். இவற்றில் ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் கடைசி சிகரெட்டுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காபிக்கும் இதே கதைதான். சிகரெட்டை விட்டவர்களுக்கு வரும் படபடப்பும் தூக்கமின்மையும் சில சமயம் வழக்கமான மூன்றாவது காபியால் வருவது.

எழுந்ததும் இரண்டு தேவைப்படுகிறது என்றால் ராத்திரியில் நிகோட்டின் இறங்கிவிடுகிறது, வேப்பின் அளவு போதவில்லை என்று அர்த்தம். பிரிட்டனில் ஒரு மில்லி திரவத்துக்கு 20 மி.கி. நிகோட்டின் வரை சட்டப்படி கிடைக்கும். அளவைக் கூட்டியோ, கூடவே தோலில் நிகோட்டின் பேட்ச் ஒட்டியோ அந்த நாலை முதலில் ஒழியுங்கள். உங்கள் ஊரில் சிகரெட்டை விட உதவும் இலவச சேவை இருக்கிறது, கூச்சப்படாமல் போங்கள். இங்கிலாந்தில் நடத்தி 2019ல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஆலோசனையோடு வேப் தரப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட்டைத் தொடவில்லை. பேட்ச், கம் தரப்பட்டவர்களில் அது 9.9 சதவீதம். அதே ஆய்வில், வேப்பால் வெற்றி பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப்பை விடவில்லை. ஆகவே சிகரெட் முழுதாக நின்று சில மாதம் ஆனபின், நிகோட்டின் அளவை 20, 12, 6, 3 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். சிகரெட் ஆசை தலைகாட்டினால் அந்தப் படியிலேயே கொஞ்ச நாள் நில்லுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகன் பையில் பேனா மாதிரி ஒன்று, மாம்பழ வாசனை. "சும்மா ஆவிதான்மா" என்கிறான். பயப்பட வேண்டுமா? (கோவை)

பதில்: ஆமாம், அது வேப்பாகத்தான் இருக்கும். மேலே சொன்ன நன்மை எல்லாம் ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவருக்கு. பிடிக்காத பிள்ளைக்கு இதில் லாபம் என்று ஒன்றுமே இல்லை. இருபத்தைந்து வயது வரை மூளை வளர்கிறது, அந்த வயதில் நிகோட்டின் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், இப்போது வரும் நிகோட்டின் உப்பு தொண்டையில் உறைக்காததால் எவ்வளவு போகிறது என்றே தெரியாது. வேப்பைத் தமிழ்நாடு 2018லேயே தடை செய்தது, 2019ல் நாடு முழுவதும் சட்டம் வந்தது. விற்பவருக்கு முதல் முறையே ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ஆகவே அவன் கையில் இருப்பது கள்ளத்தனமாக வந்தது, உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. அடித்தால் ஒளித்துப் பிடிப்பான். காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, இல்லாவிட்டால் எரிச்சல் வருகிறதா என்று அமைதியாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: துபாயிலிருந்து வரும் நண்பரிடம் வேப் வாங்கிவரச் சொல்லலாமா? சிகரெட்டை விடத்தான். (சென்னை)

பதில்: வேண்டாம், இறக்குமதியே குற்றம், அவரை மாட்டிவிடாதீர்கள். மருந்துக்கடையில் 2 மி.கி. நிகோட்டின் கம் இருக்கிறது. பலர் அதை பபிள்கம் மாதிரி மென்று, விக்கல் வந்து, உதவவில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள். மெதுவாக மெல்லுங்கள், காரம் தட்டியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், அரை மணி நேரம் இப்படி. அதற்குக் கால் மணி முன்பிருந்து டீ, காபி, ஜூஸ் கூடாது, நிகோட்டின் உள்ளே இறங்காது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் 2 மி.கி. போதாது, பேட்ச் சேர்ப்பதா, சிகரெட் ஆசையைக் குறைக்கும் வரெனிக்லின் மாத்திரையா என்று டாக்டரிடம் கேளுங்கள். புகையிலையை நிறுத்த உதவும் 1800-11-2356 இலவச எண்ணில் ஆலோசகரும் பேசுவார்.