தூக்கிய திருவடி: நடராஜர் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஆனித் திருமஞ்சனம் நெருங்கினாலே கூத்தப்பிரானைப் பற்றிய கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். பலர் கேட்டவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: ஐயா, பிரம்மா படைக்கிறார், விஷ்ணு காக்கிறார், சிவன் அழிக்கிறார் என்றுதான் சின்ன வயதில் படித்தோம். அப்படியானால் நடராஜர் ஆடுவது அழிவின் ஆட்டமா?

இல்லைங்க. சிவனை மூவரில் ஒருவராக வைத்து, அவருக்கு அழிக்கும் வேலையை மட்டும் கொடுப்பது புராணக் கதைகளில் வரும் பங்கீடு. தமிழ்ச் சைவர்களின் தத்துவமான சைவ சித்தாந்தம் பேசும் சிவன் அந்த மூவருக்கும் மேலானவர். ஐந்து தொழிலும் அவருடையவை. 13ஆம் நூற்றாண்டில் மனவாசகங்கடந்தார் எழுதிய உண்மை விளக்கம் இதை ஒரே வெண்பாவில் சொல்லிவிடுகிறது:

தோற்றம் துடியதனில் தோயும் திதியமைப்பில்
சாற்றியிடும் அங்கியிலே சங்காரம் – ஊற்றமா
ஊன்று மலர்ப்பதத்தில் உற்றதிரோ தம்முத்தி
நான்ற மலர்ப்பதத்தே நாடு.

வலப்பக்கம் பின்கையில் இருக்கும் உடுக்கை படைப்பு. அஞ்சாதே என்று காட்டும் முன்கை காப்பு. இடப்பக்கம் பின்கையிலுள்ள தீ அழிப்பு. காலடியில் கிடக்கும் முயலகன் என்ற குள்ள உருவத்தின் மேல் ஊன்றிய வலது கால் மறைப்பு. தூக்கிய இடது கால் அருள். மீதமிருக்கும் நான்காவது கை, யானைத் துதிக்கை போல் குறுக்கே வீசி, அந்தத் தூக்கிய திருவடியைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அழிப்பு என்பது இந்த ஐந்தில் ஒன்றுதான். ஐந்தும் முறை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதில்லை, ஒரே ஆட்டத்தில் சேர்ந்தே நடக்கின்றன. அதனால்தான் ஒரே உருவத்தில் ஐந்தையும் வைத்தார்கள்.

அதே கேள்வியைத் தொடர்ந்து, சேலம் வாசகி: படைப்பது, காப்பது எல்லாம் புரிகிறது. கடவுள் எதற்காக மறைக்க வேண்டும்?

நல்ல கேள்வி அம்மா. ஐந்தொழிலில் பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. உயிர் ஆணவம் என்ற அறியாமை இருளோடு கட்டுண்டு கிடக்கிறது. வினைகளை அனுபவித்துக் கழித்துப் பக்குவப்பட்டால்தான் அந்தக் கட்டு நெகிழும். உலகத்தின் இயல்பு முழுவதும் இப்போதே தெரிந்துவிட்டால் யாரும் இந்த வாழ்க்கையில் இறங்கி எதையும் அனுபவிக்க மாட்டார்கள். ஆகவே பக்குவம் வரும்வரை இறைவன் தன்னை மறைத்துக்கொள்கிறான். அந்தக் காலத்தில் கண்புரை அறுவை செய்த மருத்துவர் கண்ணைச் சில நாள் கட்டி வைப்பார் இல்லையா, அதைப் போல. கட்டுவதும் கருணை, அவிழ்ப்பதும் கருணை. சித்தாந்திகள் மறைத்தலையும் அருளின் கணக்கிலேயே வைப்பதற்கு இதுதான் காரணம்.

மயிலாடுதுறை தம்பி ஒருவர்: காலடியில் கிடக்கும் முயலகன் அரக்கனா? ஏன் அவனைக் கொல்லவில்லை?

கதைப்படி, தாருகாவனத்து முனிவர்கள் வேள்வித் தீயிலிருந்து புலி, பாம்பு, துடி (அதாவது உடுக்கை) என்று ஒவ்வொன்றாகச் சிவன்மேல் ஏவினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவன்தான் முயலகன். புலியின் தோலை உடுத்தினார், பாம்பை அணிந்தார், துடியைக் கையில் ஏந்தினார், முயலகன் மேல் ஏறி நின்றார்.

தத்துவப்படி முயலகன் ஆணவ மலம். சித்தாந்தத்தில் ஆணவம் அநாதி. அதை இல்லாமல் ஆக்க முடியாது, அதன் வலிமையைத்தான் அடக்க முடியும். முத்தி நிலையிலும் அது அடங்கிக் கிடக்குமே ஒழிய ஒழிந்துபோகாது என்பது அவர்கள் துணிபு. அந்த நுட்பத்தைச் சிற்பி விடாமல் பிடித்திருக்கிறார், பாருங்கள். அடுத்த முறை சோழர் காலச் செப்புத் திருமேனியைப் பார்க்கும்போது பீடத்துக்கு அருகே குனிந்து முயலகன் முகத்தைக் கவனியுங்கள். பல திருமேனிகளில் கையில் ஒரு பாம்பைப் பிடித்தபடி, தலையைத் தூக்கி விழித்துக்கொண்டிருப்பான். உயிரோடுதான் இருக்கிறான்.

அதே நூலில் இன்னொரு வெண்பா இருக்கிறது. எனக்கு முந்தையதைவிட இதுதான் நெருக்கமானது. உடுக்கை ஏந்திய கை மாயையை உதறுகிறது. தீ வல்வினையைச் சுடுகிறது. ஊன்றிய கால் மலத்தை அமுக்குகிறது. தூக்கிய கால் உயிரை எடுத்து ஆனந்தக் கடலில் அழுத்துகிறது. "எந்தையார் பரதம்" இதுதான் என்று முடிகிறது. முதல் பாட்டில் பிரபஞ்சம் முழுவதற்கும் நடந்த ஆட்டம், இங்கே ஒவ்வொரு உயிருக்குள்ளும் நடக்கிறது.

பாண்டிச்சேரி வாசகர்: இரண்டு காதிலும் வேறு வேறு அணி இருக்கிறதே, சிற்பியின் பிழையா?

பிழை இல்லை. வலக்காதில் ஆண்கள் அணியும் குழை, இடக்காதில் பெண்கள் அணியும் தோடு. இடப்பாகம் உமையம்மையுடையது. சம்பந்தர் தேவாரத்தின் முதல் சொற்களே "தோடுடைய செவியன்" என்பதுதானே. தூக்கிய காலும் இடது கால் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: அருள் வருவது அம்மையின் பக்கமிருந்து.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: நடராஜர் சிலை வைத்தால் குடும்பம் ஆட்டம் கண்டுவிடும் என்று மாமியார் சொல்கிறார். வீட்டில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். பரதம் ஆடும் குடும்பங்களில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தினமும் அபிஷேகம் செய்ய வேண்டுமோ என்ற பயமும் வேண்டாம். கோயில்களிலேயே பொதுவாக நடராஜருக்கு ஆண்டுக்கு ஆறு அபிஷேகம்தான்: சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை, அப்புறம் ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் சதுர்த்தசிகள். வீட்டில் ஒரு விளக்கும் இரண்டு பூவும் போதும். மாமியாரோடு வாதாட வேண்டாம், அடுத்த திருவாதிரைக்கு அவரையே களி கிண்டச் சொல்லி நிவேதனம் செய்யுங்கள்.

கோவை மாணவர்: சிதம்பரம் நடராஜரின் கால் பெருவிரல்தான் உலகக் காந்தப்புலத்தின் மையம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

உண்மையில்லை. காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி வரும் ஒரு கோடு, புள்ளி இல்லை. அது தென்னிந்தியா வழியாகப் போகிறது. அதை ஒட்டியிருப்பதால்தான் ராக்கெட் தளத்துக்குத் திருவனந்தபுரம் அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். சிதம்பரம், காஞ்சி, காளத்தி மூன்றும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதாகச் சேர்த்துச் சொல்வார்கள், அது மட்டும் சரி.

அவரே: ஜெனீவாவில் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் சிலை வைத்திருக்கிறார்களே, அது?

அது உண்மை. இந்திய அரசு கொடுத்த 2 மீட்டர் உயரச் சிலை, 2004 ஜூன் 18 அன்று திறந்தார்கள். துகள்களின் ஓயாத இயக்கத்துக்கு ஓர் உவமையாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறார்கள், அழகான உவமைதான். அதற்காக, நம் முன்னோர் அணு இயற்பியல் எழுதி வைத்தார்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர்கள் எழுதியது உயிரின் விடுதலை பற்றி. அதற்கு ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் தேவையில்லை.

மதுரை அக்கா ஒருவர்: எங்கள் மீனாட்சி கோயில் நடராஜர் சன்னிதியான வெள்ளியம்பலத்தில் மட்டும் வலது கால் தூக்கியிருக்கிறதே, தத்துவம் மாறிவிடாதா?

பரதம் கற்ற ராசசேகர பாண்டியன், ஆடுவது எவ்வளவு வலி என்று உணர்ந்தான். இறைவன் எந்நேரமும் ஒரே காலில் நிற்கிறானே என்று கலங்கி, கால் மாறி ஆடாவிட்டால் வாள்மேல் விழுந்து உயிரை விடுவேன் என்றான். கண் திறந்து பார்த்தால் கால் மாறியிருந்தது. திருவிளையாடற் புராணக் கதை இது. இதற்கு நான் தத்துவம் தேட மாட்டேன் அக்கா. கடவுளுக்குக் கால் வலிக்குமே என்று ஒருவன் அழுதான், கடவுள் அதைக் கேட்டார். எனக்கு அது போதும்.

சென்னை வாசகி: முதல் முறை சிதம்பரம் போகிறேன். எதைத் தவறவிடக் கூடாது?

காலை 10 மணியை ஒட்டி நடக்கும் இரண்டாம் கால பூசைக்கு முன்பே போய்ச் சேருங்கள். ரத்தினசபாபதி என்று மாணிக்கத்தாலான சிறிய நடராஜர் உண்டு. அபிஷேகம் முடிந்து முன்னால் தீபம் காட்டிவிட்டு, அப்புறம் பின்பக்கமிருந்தும் காட்டுவார்கள். அப்போது ஒளி அந்தத் திருமேனியை ஊடுருவி வரும். சிதம்பர ரகசியம் என்று திரை போட்டு வைத்திருக்கும் இடத்தைப் பார்க்கும்போது திரை விலகினால் தெரிவது தொங்கும் தங்க வில்வ இலை மாலைகள்தான். அங்கே உருவம் எதையும் தேட வேண்டாம், அது ஆகாயத் தலம். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமென்றால் ஆனியிலோ மார்கழியிலோ தேர் அன்று போங்கள். மற்ற ஊர்களில் வீதிக்கு வருபவர் உற்சவர். இங்கே மூலவரே இறங்கித் தேரேறுகிறார்.